வாக்குக் கேட்க வந்த ஆசிரியர்: சுரேந்திரநாத பானர்ஜியின் தகுதிகள்

கல்கத்தாவில் குடியேறி வாழும் தமிழ் மக்களுள் நகரசபையின் தலைமை அலுவலகத்தை ஒரு முறையேனும் காணாதவர் சிலரே இருத்தல் கூடும். வீட்டு வரி, பிறப்புச் சான்று, குடிநீர் இணைப்பு என்று ஏதேனும் ஒரு காரியம் நம்மை அங்கே இழுத்துச் செல்கின்றது. அவ்வலுவலகம் நிற்கும் சாலைக்கு எஸ். என். பானர்ஜி சாலை என்பது பெயர். முன்னாளில் அது கார்ப்பொரேஷன் தெரு என வழங்கியது. எஸ்பிளனேடுப் பக்கம் செல்வோர் காணும் கர்சன் பூங்காவும் இப்பொழுது சுரேந்திரநாதர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அங்குள்ள அவர் சிலையை வடித்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக 1929 முதல் நெடுங்காலம் பணிபுரிந்து, மெரினாக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையை அமைத்தவரும் அவரே. ஸியால்டா நிலையத்தில் இறங்கி மேற்கே நடந்தால் சுரேந்திரநாத் கல்லூரி கண்ணிற்படும்.

ஒரு சாலை, ஒரு பூங்கா, ஒரு கல்லூரி ஆகிய மூன்றும் ஒரே மனிதரின் பெயரைச் சுமக்கின்றன. அவர் ஆசிரியராக வாழ்ந்தவர், நகரசபையில் உழைத்தவர், மக்களிடம் வாக்குக் கேட்டுப் பன்முறை வென்றவர், இறுதியில் தோற்றவர். கல்வி புகட்டுவோர் ஒருவர் தேர்தலில் நிற்க முற்படும்போது அவருக்கு வேண்டிய தகுதி யாது என்னும் வினாவுக்கு இவர் வாழ்க்கையினும் சிறந்த பாடம் இந்நகரில் வேறில்லை என்பது நம் துணிபு. அதனை ஆண்டு விழா மலரின் வாயிலாக அன்பர்களின் முன் வைக்கின்றோம்.

தமிழ் நாட்டின் பழைய கணக்கு

தகுதி என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடவோலையில் பெயர் எழுதப்பெற வேண்டுமாயின் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், தன் மனையில் தானே வீடு கட்டியிருத்தல் வேண்டும், வயது 35க்கு மேல் 70க்கு உட்பட்டிருத்தல் வேண்டும், கற்றறிந்தவராதல் வேண்டும். நிலம் அரைக்கால் வேலியே உடையவர் வேதத்திலும் பாஷியத்திலும் தேர்ந்தவராயின் அவர் பெயரும் ஏற்கப்பட்டது. கல்வியை நிலத்திற்கு ஈடாக மதித்தனர் என்பது இதனால் விளங்கும்.

தகுதியின்மையைக் கூறும் பகுதியோ இன்னும் நுட்பமானது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், அவருடைய நெருங்கிய உறவினர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் ஆகியோர் பெயர் எழுதலாகாது. அண்மையில் வாரியம் செய்தவரும் மூன்றாண்டுகள் ஒதுங்கியிருத்தல் வேண்டும். அவ்வூர் அந்தணர் குடியிருப்பு. பெண்டிருக்கும் மற்றக் குடிகளுக்கும் அச்சபையில் இடமில்லை. அதனை மறைத்துப் பெருமை பேசுதல் முறையன்று. ஆயினும், கற்றவரே எனினும் கணக்குக் காட்டாதவர் ஆகார் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டி வைத்த மதி போற்றத்தக்கதே. இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு வங்கத்து ஆசிரியரை நோக்குவோம்.

வேலை இழந்தவர்

சுரேந்திரநாதர் 1848 நவம்பர் 10 அன்று கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் துர்காசரண் பானர்ஜி மருத்துவர். 1868இல் ரொமேஷ் சந்திர தத்தர், பிகாரிலால் குப்தர் என்னும் இரு நண்பர்களுடன் சுரேந்திரநாதர் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். 1869இல் இந்திய சிவில் சர்வீஸ் தேர்வில் வென்றார். அவர் வயதைப் பற்றி ஐயம் எழுப்பி அதிகாரிகள் அவர் பெயரை நீக்கினர். நம் நாட்டார் வயது கணக்கிடும் முறை வேறு, ஆங்கிலேயர் முறை வேறு என்பதே அச்சிக்கலின் வேர். அவர் நீதிமன்றம் ஏறி வழக்காடித் தம் இடத்தை மீட்டார்.

1871இல் சில்ஹெட்டில் உதவி மாஜிஸ்திரேட்டாகப் பொறுப்பேற்றார். அங்கு ஒரு வழக்கில், தலைமறைவாகாத ஒருவரின் பெயர் தலைமறைவானோர் பட்டியலில் ஏறிவிட்டது. பல காகிதங்களோடு காகிதமாக வந்த அப்பட்டியலில் அவர் கையெழுத்து இருந்தது. கோப்புக்களிடையே நாள் கழிக்கும் நம் போன்ற குமாஸ்தாக்களுக்கு இது எத்தகைய பிழை என்பதை எடுத்துக் கூற வேண்டுவதில்லை. வேறொருவராயின் ஒரு கண்டனக் கடிதத்தோடு முடிந்திருக்கும். அவருக்கோ 1874இல் வேலையே போயிற்று. இங்கிலாந்து சென்று முறையிட்டார், பயனில்லை. பாரிஸ்டராகலாம் என்று முயன்றார். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் என்பதைக் காட்டி அந்தக் கதவையும் அடைத்தனர்.

27 வயது நிரம்பாத இளைஞர், உத்தியோகம் போயிற்று, வக்கீல் தொழிலும் இல்லை, கல்கத்தாவில் அவரைக் கண்டோர் இரங்கினர். அந்நிலையில் அவரை அழைத்து வேலை கொடுத்தவர் ஈசுவரசந்திர வித்யாசாகரர். தம்முடைய மெட்ரோபாலிடன் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக மாதம் 200 ரூபாய்ச் சம்பளத்தில் 1875இல் அவரை அமர்த்தினார். மாஜிஸ்திரேட்டாக வாங்கிய சம்பளத்தில் இது பாதிக்கும் குறைவு. ஆயினும் சுரேந்திரநாதருடைய பொது வாழ்வு இந்த 200 ரூபாயிலிருந்தே தொடங்குகின்றது.

வகுப்பறையும் பொது மேடையும்

அன்று முதல் 35 ஆண்டுகளுக்கு மேல் அவர் மாணவர்க்குப் பாடம் சொன்னார். மெட்ரோபாலிடன் கல்லூரியிலும் பிற கல்லூரிகளிலும் கற்பித்த பின், 1882இல் ஒரு சிறு பள்ளியைத் தம் பொறுப்பில் ஏற்று வளர்த்தார். அதுவே ரிப்பன் கல்லூரியாகி, நாடு விடுதலை பெற்ற பின் சுரேந்திரநாத் கல்லூரி எனப் பெயர் மாறியது. வகுப்பு முடிந்த பிறகும் அவர் ஓய்ந்திலர். இத்தாலியின் மாஜினி, சீக்கியரின் எழுச்சி, சைதன்யர் என்று பல பொருள்கள் குறித்து மாணவர் சங்கத்தில் சொற்பொழிவாற்றினார். நாட்டைப் பற்றிப் பேசுதல் பெரிய வக்கீல்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் மட்டுமே உரியது என்றிருந்த காலம் அது. அதனை இளைஞர் காதில் போட்டவர் இவ்வாசிரியர்.

1876 ஜூலை 26 அன்று கல்லூரித் தெருவின் ஆல்பர்ட் மண்டபத்தில் இந்தியச் சங்கம் தோன்றியது. இன்று நம் இளைஞர் காப்பி அருந்தும் காப்பி ஹவுஸ் அவ்விடத்திலேதான் உள்ளது. அச்சங்கத்தை நிறுவியோருள் சுரேந்திரநாதர் தலையாயவர். அன்றைய காலையில் அவருடைய மகன் இறந்தான். மாலையில் கூட்டத்தில் எதிர்ப்புக் கிளம்பவே, அவர் துயரோடு வந்து பேசிச் சங்கம் அமையச் செய்தார். சிவில் சர்வீஸ் தேர்வுக்கான வயது 21இலிருந்து 19ஆகக் குறைக்கப்பட்டபோது அதனை எதிர்த்து 1877இல் வட இந்தியா முழுதும் சுற்றினார். 1878இல் பம்பாய்க்கும் சென்னைக்கும் சென்றார். ஒரு மாகாணத்தார் மற்றொரு மாகாணத்தாரிடம் சென்று பொதுக் குறையை எடுத்துரைத்தது அக்காலத்தில் புதுமையானது. பிழைப்புக்காக மாகாணம் கடந்து வந்த நம் போன்றோர் அதன் அருமையை உணர்தல் எளிது.

1879இல் 'பெங்காலி' என்னும் பத்திரிகையின் பொறுப்பையும் ஏற்றார். 1883இல், சாளக்கிராமத்தை நீதிமன்றத்திற்குக் கொணரச் செய்த ஒரு நீதிபதியைக் கண்டித்து அவர் பத்திரிகை எழுதியது. நீதிமன்ற அவமதிப்பு என்று அவருக்கு இரண்டு மாதச் சிறை கிடைத்தது. மாணவர் திரண்டு எதிர்த்தனர். பிற்காலத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய ஆசுதோஷ் முகர்ஜியும் அம்மாணவருள் ஒருவர்.

நகரசபையில் 23 ஆண்டுகள்

நிற்க. மேடையில் முழங்குவோர் எல்லாரும் நகர நிர்வாகத்திற்குத் தகுதியுடையவராகிவிடுவதில்லை. சாக்கடை, குடிநீர், தெரு விளக்கு, குப்பை, வரி மதிப்பு என்பன கைத்தட்டல் வாங்கும் பொருள்கள் அல்ல. அவற்றில் பொறுமையோடு உழைத்தமையே சுரேந்திரநாதரின் தனிச் சிறப்பு என்று நாம் கருதுகின்றோம்.

1876ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்கத்தா நகரசபையில் 72 கமிஷனர்கள். அவர்களுள் 48 பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். 24 பேரை அரசாங்கம் நியமித்தது. அவ்வாண்டிலேயே சுரேந்திரநாதர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசிரியர் தொழிலை விடாமலே 23 ஆண்டுகள் அச்சபையில் அமர்ந்தார். பாரக்பூரை அடுத்த மணிராம்பூரில் அவர் வீடு இருந்தது. அப்பகுதியின் வடக்குப் பாரக்பூர் நகராட்சிக்கும் தலைவராக இருந்து உழைத்தார். பகலில் கல்லூரி, மாலையில் குழுக் கூட்டம், இரவில் பத்திரிகை என்று நாள்கள் சென்றன.

1892ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில் சட்டம் வந்தபோது, வங்கச் சட்டசபைக்கு ஒருவரை அனுப்பும் உரிமை நகரசபைக்குக் கிடைத்தது. 1893இல் நகரசபை சுரேந்திரநாதரையே அனுப்பியது. வேலையிலிருந்து விலக்கப்பட்டவர், சிறை சென்றவர் என்று அதிகாரிகள் ஒதுக்கிய மனிதரைச் சக அங்கத்தினர் மதித்து முன்னிறுத்தினர். பதினேழு ஆண்டுகள் அருகமர்ந்து அவர் உழைப்பைக் கண்டவர்கள் அவர்கள். வெளியார் தரும் நற்சான்றினும் உடனிருந்தோர் தரும் இச்சான்று மேலானது. 1895இல் பூனாவிலும் 1902இல் அகமதாபாத்திலும் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கும் பெருமையும் அவரைத் தேடி வந்தது.

பதவியை ஏற்பதற்குத் தகுதி வேண்டும். அதனை விடுவதற்கும் தகுதி வேண்டும். 1899இல் கர்சன் பிரபுவின் ஆட்சியில் நகரசபைச் சட்டம் மாற்றப்பட்டது. தேர்ந்தெடுக்கப்படுவோர் தொகை பாதியாகக் குறைந்து 25 ஆயிற்று. சட்டசபையில் அம்மசோதாவை இயன்ற மட்டும் எதிர்த்தும் பயனில்லாமற் போகவே, சுரேந்திரநாதர் உள்ளிட்ட 28 கமிஷனர்கள் ஒருங்கே பதவி துறந்தனர். 23 ஆண்டு உழைப்பை ஒரு நாளில் விட்டு வெளியேறினர். கர்சன் பெயரிட்ட பூங்காவுக்கு இன்று சுரேந்திரநாதர் பெயர் வாய்த்துள்ளதைக் காணுந்தோறும் காலத்தின் தீர்ப்பு நினைவுக்கு வருகின்றது.

சட்டம் சொன்ன தகுதியின்மை

1905இல் வங்கம் பிரிக்கப்பட்டது. அதனை எதிர்த்த சுதேசிக் கிளர்ச்சியின் முன்னணியில் அவர் நின்றார். 1906இல் பாரிசால் மாநாட்டின்போது கைதானார். 1909இல் மின்டோ-மார்லி சீர்திருத்தத்தின் கீழ்ச் சட்டசபைகள் விரிந்தன. அரசாங்க வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் நிற்கலாகாது என்று விதிகள் கூறின. 1874இல் விழுந்த அடி 35 ஆண்டுகள் கழித்து மீண்டும் குறுக்கே வந்தது. வங்க லெப்டினன்ட் கவர்னராயிருந்த சர் எட்வர்டு பேக்கர் அவருக்கு மட்டும் அத்தடையை நீக்க முன்வந்தார். சுரேந்திரநாதர் அச்சலுகையை ஏற்றுத் தேர்தலில் நிற்க மறுத்தார். வங்கப் பிரிவினை நீடிக்கும் வரையில் அச்சபையில் அமர அவர் மனம் இசையவில்லை.

1911இல் பிரிவினை நீங்கியது. 1913இல் வங்கச் சட்டசபைக்கும் இந்திய மத்தியச் சட்டசபைக்கும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். விதிப் புத்தகம் தகுதியில்லாதவர் என்றது. மக்கள் தகுதியுடையவர் என்றனர். தகுதி என்பது இரு வகை என்பதை இதனால் அறிகின்றோம். ஒன்று மனுத் தாக்கலின்போது அதிகாரி பார்ப்பது. மற்றொன்று வாக்களிக்கும்போது குடிமகன் பார்ப்பது.

இவ்விடத்தே நம் தமிழகத்து ஆசிரியர் ஒருவரை நினைத்தல் பொருந்தும். வலங்கைமானில் 1869இல் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராயிருந்தவர். திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் தோன்றத் துணை நின்றவர். 1907இல் பள்ளி வேலையைத் துறந்து கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1913இல் சென்னைச் சட்டசபையிலும் 1916இல் மத்தியச் சட்டசபையிலும் இடம் பெற்றார். 1919இல் இங்கிலாந்து சென்ற மிதவாதக் குழுவுக்குச் சுரேந்திரநாதர் தலைவர், சாஸ்திரியார் அங்கத்தினர். ஒருவர் வகுப்பறையை விட்டுப் பொதுப் பணிக்கு வந்தார். மற்றவர் வகுப்பறையில் இருந்துகொண்டே வந்தார். வழி வேறாயினும், தெருவாரின் அன்றாடத் தேவையில் தொடங்கி நாட்டின் சபைக்கு ஏறியமை இருவர்க்கும் பொது.

மந்திரியும் தோல்வியும்

1918 அளவில் சுரேந்திரநாதர் காங்கிரசினின்றும் பிரிந்து மிதவாதிகளோடு சேர்ந்தார். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தை ஏற்றுப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாட்டை எழுப்பிக்கொண்டிருந்த வேளையில், 1921 ஜனவரியில் அவர் வங்கத்தின் ஸ்தல சுயாட்சி மந்திரியானார். அவ்வாண்டிலேயே 'சர்' பட்டமும் பெற்றார்.

மந்திரியாக அவர் செய்த பெருஞ்செயல் 1923ஆம் ஆண்டுக் கல்கத்தா நகரசபைச் சட்டம். 1899இல் எதனை எதிர்த்து வெளியேறினாரோ அதனை 24 ஆண்டுகளுக்குப் பின் தம் கையாலேயே மாற்றினார். நகரசபையில் ஐந்தில் நான்கு பங்கினர் தேர்ந்தெடுக்கப்படுபவராயினர். அச்சபையே மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றது. பெண்டிர்க்கு நகரசபைத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது. காசிப்பூர்-சித்பூர், மாணிக்தலா, கார்டன் ரீச் ஆகிய பகுதிகள் நகரோடு இணைந்தன. ரயில்வே அன்பர்கள் பலர்க்குக் கார்டன் ரீச் எவ்வளவு பழகிய இடம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அதே 1923ஆம் ஆண்டின் இறுதியில் சட்டசபைத் தேர்தல் வந்தது. பாரக்பூர்த் தொகுதியில், தம் சொந்த ஊரில், 75 வயதான சுரேந்திரநாதர் நின்றார். அவரை எதிர்த்து நின்றவர் 41 வயதான டாக்டர் விதான் சந்திர ராய். அவரும் ஆசிரியரே, மருத்துவக் கல்லூரியில் கற்பித்தவர். சித்தரஞ்சன் தாசரின் சுயராஜ்யக் கட்சி அவரை ஆதரித்தது. அதற்கு முன் அவர் எந்தச் சட்டசபைத் தேர்தலிலும் வென்றவரல்லர். எனினும் சுரேந்திரநாதர் தோற்றார்.

இத்தோல்வியை எவ்வாறு பொருள் கொள்வது? மக்கள் நன்றி மறந்தனர் என்று கூறுவாரும் உளர். நாம் அதனை முற்றும் ஏற்பதற்கில்லை. 1921, 1922 ஆகிய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான இளைஞர் சிறை புகுந்தனர். அவர்களுடைய தந்தையரும் தமையன்மாரும் வாக்காளராயிருந்தனர். அவ்வேளையில் மந்திரிகள் ஆண்டுக்கு 64,000 ரூபாய்ச் சம்பளம் பெற்று அரசாங்கத்தோடு இருந்தனர். 200 ரூபாய்ச் சம்பளத்தில் மாணவரிடையே நின்ற ஆசிரியரை மக்கள் அறிந்திருந்தனர். மந்திரி நாற்காலியில் அமர்ந்த 'சர்' சுரேந்திரநாதர் அவர்களுக்கு அயலாராகத் தோன்றினார். சட்டத்தால் வரும் நன்மையை அவர் நம்பினார். மக்களோ அன்று தம் மானத்தை எண்ணினர். அவர் செய்த சட்டம் நல்ல சட்டமே. ஆனால் அது ஏன் நல்லது என்று வீடு வீடாகச் சென்று விளங்க வைக்கும் ஆசிரியப் பணியை அவ்வாண்டுகளில் செய்தவர் எதிர்த் தரப்பினரே.

தகுதி என்பது வாக்குக் கேட்கும் உரிமையைத் தருமேயன்றி வெற்றியைத் தாராது. முன் செய்த தொண்டு வங்கியில் இட்ட முதல் போன்று என்றும் வட்டி ஈட்டிக்கொண்டிராது. ஒவ்வொரு தேர்தலிலும் வாக்காளர் புதிதாகவே எண்ணுகின்றனர்.

ஆயினும் அவர் நட்டது பட்டுப் போகவில்லை. 1924 ஏப்ரலில் அவர் இயற்றிய சட்டத்தின்படியே நகரசபை அமைந்தது. அவரைத் தோற்கடித்த கட்சியே அதில் வென்றது. சித்தரஞ்சன் தாசர் முதல் மேயரானார். 27 வயதான சுபாஷ் சந்திர போஸ் தலைமை நிர்வாக அதிகாரியானார். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் தோன்றின. சுரேந்திரநாதர் தம் வாழ்க்கை நினைவுகளை நூலாக எழுதி வெளியிட்டு, 1925 ஆகஸ்டு 6 அன்று பாரக்பூரில் மறைந்தார். அவரை வென்ற விதான் சந்திர ராய் பின்னர்க் கல்கத்தாவின் மேயராகவும், பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும், 1948 முதல் 1962 வரை மேற்கு வங்க முதல் மந்திரியாகவும் விளங்கினார். வாக்காளர் ஒரு கல்வியாளரை நீக்கி மற்றொரு கல்வியாளரையே அமர்த்தினர் என்பது பின்னரே தெளிவாயிற்று.

கல்வி கட்டாயமா?

இவ்வளவும் கூறிய பின் ஒரு வினா எழுகின்றது. அவ்வாறாயின் படித்தவர் மட்டுமே தேர்தலில் நிற்க வேண்டுமா? 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் இராஜேந்திர பிரசாத், சட்டம் இயற்றுவோர்க்கு ஏதேனும் ஒரு தகுதி வகுக்க இயலாமற் போயிற்றே என்று வருந்தினார். ஆயினும் நம் அரசியல் சாசனம் வாக்காளர்க்கும் வேட்பாளர்க்கும் படிப்பை நிபந்தனையாக்கவில்லை. மேலவைகளில் மட்டும் ஆசிரியர்க்கும் பட்டதாரிகளுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு இடம் தனித்தனியே ஒதுக்கியது. மேற்கு வங்க மேலவை 1969இலும் தமிழக மேலவை 1986இலும் நீங்கின. இப்பொழுது இவ்விரு மாநிலங்களிலும் ஆசிரியர் சட்டசபைக்குச் செல்ல வேண்டுமாயின் எல்லாரிடமும் வாக்குக் கேட்டே செல்லுதல் வேண்டும்.

இது நன்மையே. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராசர் 1954 முதல் 1963 வரை முதல் மந்திரியாயிருந்து ஊர்தோறும் பள்ளி திறந்தார்; மதிய உணவு கொடுத்தார். மெட்ரிகுலேஷனோடு நின்ற நம் போன்றோர் வீட்டுப் பிள்ளைகள் பட்டம் பெற்றுள்ளமைக்கு அத்தகையோரின் கை உதவியுண்டு. ஆகவே பட்டத்தை அளவுகோலாகக் கொள்ளலாகாது. ஆசிரியர் ஒருவர் வாக்குக் கேட்டு வந்தால், அவர் எத்தனை பட்டம் பெற்றார் என்பதைவிட, கடினமான பொருளை எளியவர்க்கு விளக்கும் பொறுமை அவரிடம் உள்ளதா என்றே பார்த்தல் வேண்டும். தெருக் குழாயைப் பற்றிய சிறு காரியத்தில் அவர் எத்தனை ஆண்டு உழைத்தார்? பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்டினாரா? கொள்கைக்காகப் பதவியை விட்டதுண்டா? அண்மைக் காலத்தில் நம் வீட்டு வாயிலுக்கு வந்து நம் குறையைக் கேட்டாரா? முதல் மூன்று வினாக்களுக்கும் சுரேந்திரநாதர் தலைநிமிர்ந்து விடை கூறலாம். கடைசி வினாவில்தான் 1923இல் அவர் சறுக்கினார்.

நம் கடமை

காலனியில் வாழும் நம்மவரிடையே ஒரு சொல் அடிக்கடி கேட்கின்றது. "நாம் பிழைக்க வந்தவர்கள், இவ்வூர்த் தேர்தலில் நமக்கென்ன?" என்பர். வாக்குப் பதிவு நாளை விடுமுறையாகக் கொண்டு உறங்குவோரும் உண்டு. ஊரில் உள்ள பட்டியலிலும் பெயரின்றி, இங்குள்ள பட்டியலிலும் பெயரின்றி வாழும் குடும்பங்களையும் நாம் அறிவோம். குழாயில் நீர் வாராவிட்டால் முதலில் குரல் எழுப்புவோரும் இவர்களே.

அன்பர்களே, கல்கத்தா நகரில் 144 வார்டுகள் உள்ளன. நாம் குடியிருக்கும் தெருவும் அவற்றுள் ஒன்றில் அடங்கியதே. நம் பிள்ளைகள் இங்கே பிறந்து, வங்க மொழியைத் தாய்மொழி போலப் பேசி வளர்கின்றனர். அவர்களுக்கு இது பிழைக்க வந்த ஊர் அன்று, பிறந்த ஊர். நம் இல்லத்துப் பெண்மணிகள் கல்கத்தா நகரசபைக்கு வாக்களிக்கும் உரிமை 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர் கொண்டது. அதனைப் பயன்படுத்தாமல் விடுதல் அதற்காக உழைத்தவரை அவமதிப்பதாகும். நம் சங்கத்துப் பள்ளி ஆசிரியர்களுள்ளும், நூலகம் நடத்துவோருள்ளும், நோயாளிக்கு மருத்துவமனையில் துணை நிற்கும் இளைஞருள்ளும் நாளை வாக்குக் கேட்டு வரத் தக்கவர் இருக்கலாம். அவர் தமிழர் என்பதற்காக மட்டும் வாக்களிக்க வேண்டா. வங்காளியர் என்பதற்காக எவரையும் ஒதுக்கவும் வேண்டா. மேற்கூறிய வினாக்களைக் கேட்டு, விடை கண்டு, வாக்களிப்போமாக.

முதற்கண், பெயர் பதியாதோர் பதிவு செய்துகொள்ள வேண்டும். சங்கத்தின் செயற்குழு இவ்வாண்டில் வீடு வீடாகச் சென்று இதற்குத் துணை புரியுமாயின் அது இம்மலரினும் பெரிய தொண்டாக அமையும். அப்பணிக்கு மாலை வேளைகளில் வரச் சித்தமாயிருக்கின்றோம்.

வாழ்க தமிழ்! வாழ்க நம்மை ஏற்ற வங்க நாடு! வளர்க நம் சங்கம்!